பழைய நிசான் சனி பிக்கப் மிஸ் அடிக்கிறதா? முதலில் எந்தச் சிலிண்டர் என்று பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: 80களில் வந்த நிசான் சனி பிக்கப், ஏ12 பெற்றோல் எஞ்சின், பொயின்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை வெட்டிவிடும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர் (நான்கு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரம் பிரித்துக் கொடுப்பது). விடியற்காலையில் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக் கடைக்கு வருகிறீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் உதறுகிறது. சூடானதும் ஓரளவு அடங்குகிறது. பாரத்தோடு மேட்டில் மிதித்தால் திரும்பவும் மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் வெடிப்பு தவறுகிறது. மழை நாளில் இன்னும் மோசம். பிளக் நான்கும் புதிது போட்டாயிற்று, காபரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. இப்போது ஒரு கராஜில் எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்க வேண்டாம். எஞ்சினை இறக்கும் அளவுக்குப் பழுது இருக்கிறது என்று இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. உங்கள் வண்டியில் இதுவரை நடந்தது சாமான் மாற்றம் மட்டும்தான், பழுது தேடல் இன்னும் தொடங்கவே இல்லை. பழைய வண்டிகளில் இதுதான் அடிக்கடி நடக்கிறது. முதலில் பிளக், பிறகு காபரேட்டர், பிறகு கொயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்), கடைசியில் எஞ்சின். ஒவ்வொரு முறையும் காசு போகிறது, மிஸ் அப்படியே இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் திரும்பத் திறக்கும் வரைக்கும் இந்தப் பழைய பிக்கப்புகளின் மதிப்பே வேறாக இருந்தது. அவசரப்பட்டு அதன் எஞ்சினைப் பிரித்துப் போடக் கூடாது.

நான்கு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று தெரியாமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இந்த ஒன்றுதான்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, நியூட்ரலில் ஓடவிட்டு சைலன்சர் குழாய்க்குப் பின்னால் போய் நில்லுங்கள். ஒரே தாளத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி தவறினால், ஒரு சிலிண்டர் முழுதாகப் படுத்துவிட்டது என்று பொருள். தாளமே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறினால், நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் பழுது: பொயின்ட், கண்டென்சர், கொயில், அவற்றுக்குப் போகும் வயர், அல்லது பெற்றோல் வரத்து. இதை வைத்தே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். அங்கே நிற்கும்போதே ஒரு தாள் துண்டைக் குழாய் வாய்க்கு அருகில் பிடித்துப் பாருங்கள். காற்று அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே தாள் உள்ளே இழுபட்டால், எக்ஸோஸ்ட் வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்ற சந்தேகம் வரும்.

அடுத்து, எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது. எஞ்சின் ஓடும்போது பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் மோசமாக உதறும், வேகம் இறங்கும். எந்த வயரைக் கழற்றியும் எஞ்சினில் மாற்றமே இல்லையோ, அதுதான் படுத்த சிலிண்டர். ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிடியுங்கள், வெறுங்கையால் வேண்டாம். அந்த வயரில் பல ஆயிரம் வோல்ட் ஓடுகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. கழற்றிய வயரை அந்தரத்தில் தொங்கவிடாமல் எஞ்சின் உடம்பில் தொட்டபடி வையுங்கள். போக வழியில்லாத மின்சாரம் கொயிலின் உள்காப்பையோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையோ உடைத்துக்கொண்டு போகும்.

வயரைத் தொடப் பயமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. காலையில் ஆறிக் கிடக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டின் (சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே எடுக்கும் இரும்புக் குழாய்களின்) நான்கு கால்களிலும் ஒவ்வொரு துளி தண்ணீர் விடுங்கள். வேலை செய்யும் சிலிண்டரின் காலில் துளி உடனே ஆவியாகும். படுத்த சிலிண்டரின் காலில் அது அப்படியே வழியும். ஏ12இல் பிளக்குகள் ஒரு பக்கம், மெனிஃபோல்ட் மறுபக்கம், அதனால் பிளக் வயரில் தண்ணீர் படாமல் இதைச் செய்யலாம். துளி மட்டும் போதும், சூடான இரும்பில் தண்ணீரை ஊற்றாதீர்கள், வெடிப்பு விழும். சாரத்தோடு குனிகிறவர் என்றால் ஃபேன் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் தெரிந்துவிட்டது, 3 என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் காசில்லாத வேலை. 3இன் பிளக்கை 1இலும், 1இன் பிளக்கை 3இலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ் 1க்குப் போய்விட்டால் பிளக்தான் குற்றவாளி. புதுப் பிளக் என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது. சொக்கற்றைச் சாய்த்துப் பிடித்து இறுக்கினாலே பீங்கான் உள்ளுக்குள் வெடித்துவிடும், வெளியே தெரியாது. போட்டது என்ன நம்பர் என்றும் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு என்ஜிகேயில் பிபி5இஎஸ், இடைவெளி 0.8 முதல் 0.9 மி.மீ. பெட்டியில் வந்தபடியே போடாமல் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து போட வேண்டும். மிஸ் 3இலேயே நின்றால் அடுத்து பிளக் வயரை மாற்றிப் பாருங்கள். வயரோடு மிஸ் நகர்ந்தால் வயர். அப்போதும் நகராவிட்டால் மிச்சம் மூன்றுதான்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் 3க்கான முனை, அந்தச் சிலிண்டருக்கு மட்டும் காற்றுக் கசியும் மெனிஃபோல்ட் கஸ்கெட் (பொருத்தும் இடத்தில் வைக்கும் அடைப்புத் தகடு), இல்லாவிட்டால் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு).

இந்த இடத்தில் காபரேட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காபரேட்டர் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துத்தான் ஊட்டுகிறது. ஒரே ஒரு சிலிண்டர் படுத்திருக்கும் வண்டிக்குக் காபரேட்டரைக் கழற்றுவது வீண் வேலை. அதை விட, கழற்றிப் பூட்டும்போது அடிக் கஸ்கெட் சரியாக உட்காராமல் புதுக் கசிவு ஒன்று சேர்ந்திருக்கவும் கூடும். உங்கள் மிஸ் காபரேட்டர் கழுவிய பிறகு கூடியதா, குறைந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். நீங்கள் எழுதிய அறிகுறிகளில் எனக்கு மிகவும் பட்டது மழையும் பாரமும்தான். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது ஸ்பார்க் போகும் வழியை, அதாவது கொயிலின் தடித்த வயரிலிருந்து பிளக்கின் நுனி வரைக்கும். ஏன் என்று சொல்கிறேன். சும்மா ஓடும்போது திரொட்டில் (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தட்டு) மூடியிருக்கும், சிலிண்டருக்குள் குறைந்த கலவைதான் போகும். அந்த மெல்லிய காற்றுக்குள் ஸ்பார்க் பாய அதிக வோல்ட் தேவையில்லை. பாரத்தோடு மேட்டில் மிதிக்கும்போது சிலிண்டர் நிறைந்து, நெருக்கமான கலவை அழுத்தப்படுகிறது. அதற்குள் பாய வோல்ட் கனக்க வேண்டும். அந்த நேரம் வயரின் ரப்பரில் ஒரு வெடிப்போ, மூடியில் ஒரு ஈரக் கோடோ இருந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாது. பெரிய வீதியில் நெரிசலைக் கண்டதும் பக்கத்து ஒழுங்கைக்குத் திரும்பிவிடுகிற ஓட்டோ மாதிரி, கஷ்டமில்லாத வழியால் எஞ்சின் உடம்புக்கு இறங்கிவிடும்.

அதோடு, உங்கள் வண்டி இரவில் நிற்பது வெள்ளவத்தையில், கடலுக்குப் பக்கத்தில். கடற்காற்று மூடியிலும் வயரிலும் மெல்லிய உப்புப் படலத்தை வைத்துவிடுகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கரையோரப் பழைய வண்டிகள் பல காலையில் ஸ்டார்ட் பிடிக்காமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். எஞ்சின் சூடானதும் ஈரம் காய்ந்துவிடும், உதறலும் அடங்கும். நீங்கள் சொன்ன கதைக்கு இது அப்படியே பொருந்துகிறது.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரவில், வெளிச்சம் இல்லாத இடத்தில் பொனெற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, ஸ்பிரே போத்தலால் வயர்களின் மேல் மெல்லிய தண்ணீர்ப் புகை அடியுங்கள். அதற்கு முன் பெற்றோல் கசிவோ வாடையோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வயரிலிருந்து எஞ்சினுக்கு நீல நிறத்தில் பொறி பாய்ந்தால் பழுது அங்கேதான். பிறகு எஞ்சினை நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து உட்பக்கத்தைப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ, விளிம்புக்கோ தலைமயிர் தடிப்பில் கறுப்புக் கோடு ஓடினால் அது கரித்தடம். துடைத்தாலும் போகாது, சுரண்டினால் இன்னும் மோசமாகும். மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருக்கும் கரித்துண்டு தேய்ந்திருக்கிறதா, மூடிக்கு அடியில் சுழலும் ரோட்டரின் நுனி எரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கோடு எதுவும் இல்லாமல் வெறும் ஈரமும் தூசியும்தான் என்றால், உலர்ந்த துணியால் துடைத்துக் காயவைத்துப் பூட்டினால் போதும்.

வயரை மல்டிமீற்றரால் அளக்கலாம். கரி வயர் என்றால் நீளத்துக்கு ஏற்பச் சில ஆயிரம் ஓம் காட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றை விடப் பல மடங்கு அதிகம் காட்டினாலோ, எண்ணே வராவிட்டாலோ உள்ளே அறுந்திருக்கிறது. ஆனால் மீற்றரில் சரியாகக் காட்டும் வயரும் பாரத்தில் கசியும். மீற்றருக்குள் இருப்பது சின்ன பற்றரி, எஞ்சினில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். அதனால் இருட்டில் செய்யும் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

வயர்கள் ஓடும் வழியும் முக்கியம். இந்த எஞ்சினின் ஃபயரிங் ஓர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-3-4-2. அதாவது 3 வெடித்த உடனே பக்கத்திலிருக்கும் 4 வெடிக்கிறது. இந்த இரண்டு வயரையும் ஒட்டினாற்போல் கட்டி வைத்தால், 3க்குப் போகும் மின்சாரம் 4இன் வயரிலும் தூண்டப்பட்டு நேரம் தப்பிப் பொறி வரலாம். அழகுக்காக நான்கையும் ஒரே கிளிப்பில் சேர்த்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 3ஐயும் 4ஐயும் பிரித்து ஓடவிடுங்கள்.

அப்புறம், தாளமில்லாமல் தவறுகிற மிஸ் என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பார்க்க வேண்டும். பொயின்ட் இடைவெளி 0.45 முதல் 0.55 மி.மீ. முகங்கள் குழி விழுந்து கறுத்திருந்தால் வெறும் பொயின்டை மட்டும் மாற்றாமல் அது எரியாமல் காக்கும் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். கெட்ட கண்டென்சர் புதுப் பொயின்டையும் எரித்துவிடும். இடைவெளியைத் தொட்டால் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) நகரும், கூட்டினால் அட்வான்ஸ் ஆகும், அதாவது முந்திவிடும். ஆகவே டைமிங் லைட் வைத்துத் திரும்பப் பார்க்காமல் வேலையை முடிக்கக் கூடாது. ரோட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, எவ்வளவு நுணுக்கமாக இடைவெளி வைத்தாலும் ஓடும்போது அது மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு பழுது இருக்கிறது, பலர் இதைத் தேடுவதே இல்லை. பொயின்ட் பொருத்திய தட்டு, வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலால் ஸ்பார்க் நேரத்தை முந்த வைக்கும் பாகம்) இழுக்கும்போது முன்னும் பின்னும் அசையும். அதோடு சேர்ந்து உள்ளே இருக்கும் சின்ன வயரும் எர்த் வயரும் ஆயிரக்கணக்கான தடவை வளைந்து வளைந்து, மேல் உறை நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்துவிடும். எஞ்சின் சும்மா ஓடும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். எக்ஸிலேட்டரை மிதித்ததும் தட்டு அசையும், தொடர்பு விட்டுப் போகும், வண்டி வெட்டி இழுக்கும். மூடியைக் கழற்றி, வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டு அசைகிறதா என்று பாருங்கள். அப்படியே மீற்றரை அந்த வயரின் இரு முனையிலும் வைத்து, தட்டை அசைத்தபடி எண் துள்ளுகிறதா என்று கவனியுங்கள். துள்ளினால் வளைந்து கொடுக்கும் மெல்லிய இழை வயர் ஒன்றைப் போட்டால் போதும். எஞ்சின் மேல் பழி போடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

பெற்றோல் வரத்துக் குறைவு வேறு மாதிரி நடந்துகொள்ளும். சும்மா நிற்கும்போது நன்றாக ஓடும், நீண்ட நேரம் வேகமாக ஓடினாலோ கடுகண்ணாவை மாதிரி நீண்ட ஏற்றத்திலோதான் மூச்சு வாங்கும், நிறுத்தி வைத்தால் திரும்ப ஓடும். உங்கள் வண்டி காலையிலேயே உதறுவதால் என் சந்தேகம் அந்தப் பக்கம் அதிகம் இல்லை. ஆனாலும் ஹிட்டாச்சி காபரேட்டரின் முகத்தில் சின்னக் கண்ணாடி இருக்கும், ஓடும்போது பெற்றோல் மட்டம் அதில் உள்ள குறிக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2022 தட்டுப்பாட்டில் கன மாதங்கள் ஓடாமல் நின்ற வண்டி என்றால் டாங்கியில் துருவும் தண்ணீரும் இருக்கலாம். ஃபில்டரைக் கழற்றி வெள்ளைக் கோப்பையில் ஊற்றினாலே தெரிந்துவிடும்.

காற்றுக் கசிவு இதற்கு நேர் எதிர். சும்மா ஓடும்போது உதறும், வேகம் கூடினால் அடங்கும். மெனிஃபோல்ட் ஓரங்களிலும் காபரேட்டர் அடியிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். எங்கே அடித்ததும் எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கே கசிவு. சிலர் இதற்குப் பெற்றோலோ காபரேட்டர் கிளீனரோ அடிப்பார்கள். சூடான எக்ஸோஸ்ட் அதே பக்கத்தில்தான் இருக்கிறது, தீப்பிடிக்கும். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இனிக் கம்பிரஷன். இதைச் செய்யாமல் எஞ்சினை இறக்கச் சொன்னவரிடம், அளந்த எண்ணைக் கேளுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பற்றரி நிறைந்திருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்றி, கொயில் வயரை எடுத்துவிட்டு, எக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்றுச் சுற்ற வேண்டும். நான்கும் 150 பிஎஸ்ஐக்குப் பக்கத்திலோ மேலேயோ இருந்தால் நல்ல எஞ்சின். எண்ணின் அளவை விட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதே முக்கியம். மிகக் குறைந்தது, மிகக் கூடியதன் 80 வீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒன்று குறைந்திருந்தால் அந்தப் பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையில் கஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வால்வு என்று தெரிந்தாலும் உடனே ஹெட்டைக் கழற்றாதீர்கள். முதலில் டப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையிலுள்ள இடைவெளி, பாருங்கள். ஏ12இல் சூடாக இருக்கும்போது இன்டேக், எக்ஸோஸ்ட் இரண்டுக்கும் 0.35 மி.மீ. வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய இந்த இடைவெளி குறுகும். சத்தம் வராது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, கம்பிரஷன் விழும், அப்படியே ஓட்டினால் வால்வு எரியும். நேரத்தோடு பிடித்தால் ஒரு ஸ்பனரும் ஸ்குரூ டிரைவரும் பீலர் கேஜும்தான் செலவு.

சாமான் வாங்க வேண்டி வந்தால் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள், ஆனால் பழைய மூடியையும் ரோட்டரையும் கையில் கொண்டுபோங்கள். ஏ12 டிஸ்ட்ரிபியூட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை இருக்கிறது, பெயரைச் சொல்லி வாங்கினால் பொருந்தாது. மூடியைத் திருப்பி உள்முனைகளைப் பாருங்கள். வார்ப்பு சுத்தமாக, முனைகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வயரை வளைத்துப் பாருங்கள், விறைப்பாக நின்றால் வாங்காதீர்கள். மூடியும் வயரும் ஒரே வயதில் இருப்பவை, இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. இருக்கும் கொயிலைச் சோதித்துப் பார்க்காமல் புதுக் கொயில் வாங்க வேண்டாம்.

பழுது தேடும் வரைக்கும் இந்த மிஸ்ஸோடு பாரம் ஏற்றி ஓடாதீர்கள். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. ரிங் தேயும், ஒயில் நீர்க்கும். டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள், பெற்றோல் வாடை வந்தால் பழுது சரியானதும் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனைக்கும் அதற்குப் பிறகு போங்கள். எரியாத பெற்றோலைத்தான் அந்த மெஷின் ஹைட்ரோகார்பன் என்று காட்டும், மிஸ்ஸோடு போனால் பெயிலாவது நிச்சயம் என்றே சொல்லலாம்.

உங்கள் தம்பியிடம் டீசல் ஹைலக்ஸ் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்கு ஸ்பார்க் இல்லை, சோதனை வேறு. 2எல் மாதிரிப் பழைய பம்ப் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி, எதில் மாற்றம் இல்லை என்று பார்ப்பார்கள். பிற்காலத்தில் வந்த கொமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போவது) இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும், தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு வயர் சோதனையையும் இருட்டுச் சோதனையையும் செய்யுங்கள். எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: எந்தச் சிலிண்டர், நான்கின் கம்பிரஷன் எண் என்ன. கம்பிரஷன் கேஜ் இல்லாவிட்டால் ஒரு கராஜ் பாஸிடம் அந்த ஒரு வேலையை மட்டும் செய்யச் சொல்லி, எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். அவற்றைச் சொல்லுங்கள், அடுத்து எதைக் கழற்றலாம் என்று பார்ப்போம்.